ஆறாப் புண்ணும் புதிய மருந்தும்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து வந்த பண்டங்கள் சில எப்போதும் இருக்கும். சாம்பார்ப் பொடி இருக்கும். அப்பளக் கட்டு இருக்கும். சுண்டைக்காய் வற்றல் இருக்கும். இவற்றோடு அலமாரியின் ஒரு மூலையில் பாதி பிதுக்கப்பட்ட மருந்துக் குழாய் ஒன்றும் கிடக்கும். அதில் உள்ள மருந்து எது, யாருக்காக வாங்கியது, எத்தனை நாள் பூசச் சொன்னார்கள் என்பவை எவருக்கும் நினைவிரா. குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலும் அதுவே மருந்து. பாட்டியின் காற்புண்ணுக்கும் அதுவே மருந்து.

இத்தகைய குழாய்களில் அடைக்கத்தக்க புதிய மருந்துகளை உருவாக்கும் முயற்சி இன்று உலகின் பல ஆராய்ச்சிச் சாலைகளில் நடைபெறுகிறது. கிருமி புகுந்து சீழ் பிடித்த புண்ணை ஆற்றுவதற்கான ஜெல் மருந்துகளே அவை. அவை யாவை, எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஜெல் என்பதற்குத் தமிழ் தேடுவது எளிதாக இல்லை. கூழ் என்றால் கேழ்வரகுக் கூழ் நினைவுக்கு வருகிறது. களி என்றால் திருவாதிரைக் களி. பசை என்றாலோ அஞ்சல் உறையை ஒட்டும் பொருள். களிம்பு என்பது எண்ணெயும் மெழுகும் சேர்ந்த வேறு வகை. மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதற்கு ஜெல் என்ற சொல்லே உதவும்; ஆகவே அதனையே ஆள்வோம். பொருளை விளக்க வேண்டுமானால் நுங்கை எண்ணிப் பார்த்தால் போதும். நுங்கில் பெரும் பகுதி நீர்தான். ஆயினும் அது நீர்போல் ஓடிவிடுவதில்லை. நீரைத் தன்னுள் பிடித்து நிறுத்தும் மெல்லிய வலை ஒன்று அதனுள் அமைந்திருக்கிறது. ஜெல்லின் இலக்கணமும் அதுவே.

இனிப் புண்ணுக்கு வருவோம். தோல் என்பது உடலின் மதில். மதில் உடைந்த இடத்தில் கிருமிகள் புகுவது இயல்பு. அவற்றை எதிர்க்க இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் விரைந்து வருவதும் இயல்பு. பெரும்பாலான சிறு புண்கள் எம்மருந்தும் இன்றியே ஆறிவிடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் சில புண்கள் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட ஆறாமல் நிற்கின்றன. நீரிழிவினால் இரத்த ஓட்டம் குன்றிய கால், தீயினால் வெந்த உடல், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் முதுகு ஆகிய இடங்களில் இந்நிலையைக் காணலாம். இரத்தம் நன்கு செல்லாத இடத்துக்கு, விழுங்கிய மாத்திரையும் நன்கு சென்று சேராது.

இன்னொரு தடையும் உண்டு. நாட்பட்ட புண்ணில் கிருமிகள் தனித்தனியே திரிவதில்லை. அவை கூட்டமாகக் கூடி, தாமே சுரக்கும் வழவழப்பான பொருளால் தம்மைச் சுற்றிக் கூரை வேய்ந்துகொள்கின்றன. குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்கச் செய்யும் பாசிப்படலத்தை ஒத்தது இது. இந்தக் கிருமிப் படலத்தின் கீழ் வாழும் கிருமிகளை மருந்தும் எளிதில் தொடுவதில்லை; வெள்ளணுக்களும் விழுங்க இயலுவதில்லை. 2008-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட புண்கள் 50-ஐ நுண்நோக்கியால் பார்த்தபோது 30-இல் இப்படலம் காணப்பட்டது. புதிய புண்கள் 16-ஐப் பார்த்தபோது ஒன்றில் மட்டுமே காணப்பட்டது.

புண்ணில் மருந்திடும் கலை மிகப் பழையது. சுசுருத சம்ஹிதை ரணத்துக்குச் செய்யத்தக்க சிகிச்சை முறைகள் 60 என்று வகுக்கிறது. தேனும் நெய்யும் அதில் இடம்பெறுகின்றன. எனினும் கிருமி என்னும் பகைவனை அறிந்து மருந்திட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1865-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணுக்கு, ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். அக்காலத்தில் அத்தகைய காயத்துக்குக் காலை வெட்டி எடுப்பதே வழக்கம். சிறுவனின் கால் பிழைத்தது.

ஆனால் கிருமியைக் கொல்லும் நஞ்சு நம் சதையை மட்டும் விட்டுவைக்குமா? இக்கேள்விக்கு விடை முதல் உலகப் போரில் கிடைத்தது. பிரான்சின் பூலோன் நகரில் இராணுவ மருத்துவ மனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங், குண்டு பட்ட ஆழமான புண்களில் கிருமிநாசினியை ஊற்றுவதால் என்ன நிகழ்கிறது என்று சோதித்தார். புண்ணின் சந்துபொந்துகளில் ஒளிந்த கிருமிகளை அந்நீர் எட்டவில்லை. எதிர்த்துப் போராட வந்த வெள்ளணுக்களையோ அது அழித்துவிட்டது. பின்னர் 1928-இல் பெனிசிலினைக் கண்டவரும் இதே பிளெமிங்தான். அன்று அவர் காட்டிய உண்மையே இன்றைய ஜெல் ஆராய்ச்சிக்கும் அடிப்படை. கிருமிக்கு நஞ்சாகவும் சதைக்கு நட்பாகவும் இருக்கும் மருந்து வேண்டும். அது உரிய இடத்தில் நின்று நிதானமாக வேலை செய்யவும் வேண்டும்.

இதற்கு வழிகாட்டிய கண்டுபிடிப்புகள் இரண்டு. 1960-இல் பிராக் நகர விஞ்ஞானிகளான ஓட்டோ விக்டர்லேயும் டிராகோஸ்லாவ் லிம் என்பாரும், நீரை உறிஞ்சி மென்மையாக நிற்கும் செயற்கை ஜெல் ஒன்றை உலகுக்கு அறிவித்தனர். கண்ணில் பொருத்தும் மென்வில்லை அதிலிருந்து பிறந்தது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆங்கிலேயர் பன்றிக்குட்டிகளின் தோலில் சிறு புண்களை ஏற்படுத்தி, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடி ஈரமாக வைத்தார். ஈரமாயிருந்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்று வழிவழியாகக் கூறிவந்தது முழு உண்மையன்று என்பது அதனால் தெளிவாயிற்று. ஈரத்தைக் காக்கவும், மருந்தைச் சுமக்கவும், புண்ணோடு ஒட்டி நிற்கவும் ஒரே பொருளால் இயலுமானால் அது ஜெல்தான் என்று ஆராய்ச்சியாளர் கருதலாயினர்.

ஜெல்லின் வலையைப் பின்னும் நூல் பல இடங்களிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவில் மண்டபத்தை அடுத்த கடலோரத்தில், மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசிகளை நம்மில் சிலர் பார்த்திருப்போம். பழுப்பு நிறப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பொருள் கிடைக்கிறது. அதன் கரைசல் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தோடு சேர்ந்ததும் உறைந்து ஜெல்லாகிறது. நாம் உரித்தெறியும் இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் பக்குவப்படுத்தினால் கைட்டோசான் கிடைக்கிறது. இதன் இழைகள் நேர்மின் தன்மை உடையவை. கிருமியின் மேற்புறமோ எதிர்மின் தன்மை உடையது. எனவே கைட்டோசான் கிருமியைப் பற்றிக்கொண்டு, அதன் உறையைக் குலைக்கிறது. மருந்தைச் சுமக்கும் வண்டியே ஓரளவு மருந்தாகவும் அமைவது இதன் சிறப்பு.

மும்பையில் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில், பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பொருளின் கரைசலைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தீப்புண்ணுக்கும் பிற புண்களுக்கும் உரிய ஜெல் தகடுகளைச் செய்யும் முறையை உருவாக்கியுள்ளனர். கதிர் பட்டதும் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதே கதிரால் உள்ளிருக்கும் கிருமிகளும் மடிகின்றன. இரண்டு வேலைகளும் ஒரே சமயத்தில் முடிகின்றன.

வலை ஆயிற்று. அதனுள் வைக்கும் மருந்து எது? வெள்ளி மிகப் பழைய மருந்து. 1968-இல் அமெரிக்காவின் சார்லஸ் பாக்ஸ் வெள்ளியையும் சல்பா மருந்தையும் இணைத்து உருவாக்கிய வெண்ணிறக் களிம்பு, உலகெங்கும் தீப்புண் சிகிச்சையில் இடம்பெற்றது. எனினும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேறு சில புதிய கட்டுகளைவிட இக்களிம்பில் புண் ஆறத் தாமதம் நேர்கிறது என்று தெரியவந்தது. அயோடினையும் இவ்வாறே ஆண்டனர். ஸ்வீடனில் உருவான ஒரு மருந்தில், மாவுப்பொருளாலான சிறு மணிகளுக்குள் அயோடின் அடைபட்டிருக்கிறது. புண்ணிலிருந்து கசியும் நீரை உறிஞ்சி மணிகள் உப்பி ஜெல்லாகும்போது அயோடின் சிறிது சிறிதாக வெளிவருகிறது. புண் எவ்வளவு கசிகிறதோ அவ்வளவு மருந்து கிடைக்கிறது. தேனும் மறுபிறவி எடுத்திருக்கிறது. சர்க்கரை மிகுதியால் அது கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சுகிறது. அதன் புளிப்புத் தன்மையும் கிருமிக்கு ஆகாது. ஆனால் மருத்துவமனையில் ஆளப்படுவது கிருமி நீக்கிப் பக்குவம் செய்த தேன். கடையில் வாங்கும் தேனை ஆழ்ந்த புண்ணில் ஊற்றுவது தகாது.

இத்துறையில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் பணிபுரிந்த மைக்கேல் சாஸ்லாப் என்னும் மருத்துவர், ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைப் பையை எடுத்தார். பின் தைத்துத் தொட்டியில் விட்டார். தொட்டி நீர் தூய்மையானதன்று. எனினும் தவளைகளின் புண்ணில் சீழ் பிடிக்கவில்லை. இஃது எங்ஙனம் என்று வியந்த அவர், தவளைத் தோலிலிருந்து கிருமிகளின் உறையைத் துளைக்கும் சிறு புரதங்களைப் பிரித்தெடுத்து 1987-இல் வெளியிட்டார். எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவற்றுக்கு மகைனின் என்று பெயரிட்டார்.

அந்தக் கேடயத்தைப் பின்பற்றிப் பெக்சிகனான் என்னும் மருந்தைச் செயற்கையாகச் செய்து, நீரிழிவுக் காற்புண்ணுக்கு உரிய களிம்பாக்கினர். சோதனைச் சாலைத் தட்டில் அது கிருமிகளைத் திறம்பட அழித்தது. ஆயினும் 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தரவில்லை. மீண்டும் முயன்று, இரு பெரிய சோதனைகளின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மருந்துள்ள களிம்பு. மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறுங்களிம்பு. இரு பிரிவினருக்கும் புண்ணைத் துப்புரவு செய்யும் முறையான கவனிப்பு ஒன்றே. மருந்து பூசிய பிரிவினர் மற்றவரைவிட மேலான நிலையை அடையவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டு முயற்சி அத்தோடு தடைப்பட்டது.

இதனால் அம்முயற்சி வீண் என்று கொள்ளலாகாது. இரண்டு பாடங்கள் இதில் உள்ளன. முதலாவது, சோதனைத் தட்டு வேறு, மனிதனின் கால் வேறு. தட்டில் மருந்தைச் சுற்றிக் கிருமியற்ற வட்டம் விழுவதைக் கண்டு மகிழலாம்; ஆனால் புண்ணில் சீழும் உப்பும் புரதமும் உள்ளன. வெள்ளி போன்றவற்றை அவை பிடித்து வைத்துக்கொண்டு செயலற்றவை ஆக்கிவிடும். ஆகவே புதிய ஜெல் ஒன்று கிருமிப் படலத்தைத் தாண்டுகிறதா, தோலின் அணுக்களுக்குத் தீங்கு செய்கிறதா, முதல் சில மணியில் மருந்தையெல்லாம் கொட்டிவிட்டுப் பிறகு வறண்டுபோகிறதா, நம் நாட்டுக் கோடை வெயிலில் கெடாமல் இருக்கிறதா என்றெல்லாம் சோதித்து, விலங்குகளிடமும் பின்னர் மனிதரிடமும் ஆய்ந்த பிறகே அதனை ஏற்க வேண்டும். நாளிதழில் "அதிசய ஜெல்" என்ற தலைப்பைக் காணும்போது, அது இப்படிகளில் எதில் நிற்கிறது என்று கேட்பது நலம்.

இரண்டாவது பாடம் நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. வெறுங்களிம்பு பூசியவர்களுக்கும் முறையான துப்புரவு நடந்தது என்றோம். இறந்த சதையை நீக்குவது, புண்ணைக் கழுவுவது, அதன் மேல் உடற்பாரம் விழாமல் காப்பது ஆகிய இவைதாம் சிகிச்சையின் பெரும் பகுதி. நீரிழிவுக் கால் பற்றிய சர்வதேச வழிகாட்டுக் குழு 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், சீழ் பிடித்த நீரிழிவுக் காற்புண்ணுக்கு மேற்பூச்சுக் கிருமிக்கொல்லிகளை நம்ப வேண்டாம் என்றே கூறுகின்றன. ஜெல் நல்ல துணைவன். அதனைத் தலைவனாக்கினால் காலை இழக்க நேரிடும்.

மருந்தை வேண்டியபோதெல்லாம் பூசினால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். நியூஜிலாந்து நாட்டில் 1991-இல் முப்பிரோசின் என்னும் களிம்பை மருத்துவர் சீட்டின்றிக் கடைகளில் விற்க அனுமதித்தனர். மக்கள் தாராளமாகப் பூசினர். சில ஆண்டுகளுக்குள் அம்மருந்துக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸ் கிருமிகள் பெருகின. 2000-இல் மீண்டும் சீட்டு கட்டாயமாயிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12,70,000 பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று மதிப்பிட்டுள்ளனர். அலமாரி மூலையிலுள்ள குழாயை அரைகுறையாகப் பூசுவது வீட்டோடு நிற்கும் செயலன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர் 10.1 கோடி என்று அது கணித்தது. இவர்களுள் கால் மரத்துப்போனவருக்கு முள் தைத்தாலும் தெரியாது. செருப்புக் கடித்தாலும் வலிக்காது. வலிக்காத புண்ணை எவரும் பொருட்படுத்துவதில்லை. வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கு மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தாய்க்கு மருத்துவரின் மொழி தெரியாது. மகனோ அலுவலகத்தில் இருப்பார். "அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்று நாள் தள்ளப்படும். புண் அதுவரை காத்திருப்பதில்லை.

ஆதலின் சில சொற்களையேனும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் கற்றுத் தருவது நன்று. புண்ணை இந்தியில் காவ் என்பர். சீழை மவாத் என்பர். மரத்துப்போனதைச் சுன் என்பர். வங்காளத்தில் புண் கா எனப்படும். சீழ் பூஞ்ஜ் எனப்படும். மராத்தியில் புண்ணுக்கு ஜகம் என்று பெயர். சீழுக்கோ பூ என்று பெயர். நம் காதுக்கு மலராகக் கேட்கும் அச்சொல்லைப் புனேயிலோ மும்பையிலோ மருத்துவர் கேட்டால், அவர் கேட்பது எதுவென்று பாட்டி அறிந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் மூன்றே. இந்தப் புண்ணில் கிருமி புகுந்துள்ளதா? இம்மருந்தின் பெயர் என்ன? எத்தனை நாள் பூச வேண்டும்? விடைகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மருந்துக் குழாயின் மேலேயே சுற்றி வைத்துவிடலாம். நாள் முடிந்ததும் குழாயை எறிந்துவிடலாம்.

புண்ணைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலும், துர்நாற்றம் வீசினாலும், சதை கறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர் இரவில் படுக்குமுன் உள்ளங்காலை விளக்கொளியில் பார்க்க வேண்டும். குனிய இயலாதவருக்குப் பேரனோ பேத்தியோ பார்த்துச் சொல்லலாம்.

ஆராய்ச்சி தொடர்கிறது. உடற்சூட்டில் மட்டும் உறையும் ஜெல்கள், கிருமிப் படலத்தைக் கரைக்கும் பொருள்களைச் சுமந்த ஜெல்கள் எனப் பலவும் சோதனையில் உள்ளன. அவற்றுள் சில நம் மருத்துவமனைகளுக்கு வந்து சேரும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. வந்து சேரும் அன்றும், சோப்பும் சுத்த நீரும் கொண்டு கையைக் கழுவிவிட்டே அந்தக் குழாயைத் திறக்க வேண்டியிருக்கும்.